டிரெய்லரின் பட்டை ஸ்பிரிங் உடைந்தால்: சாலையோரம் முதல் கடைசி நட்டு வரை

எரிபொருள் நிரப்ப நிறுத்தும்போதெல்லாம் டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வருவது என் பழக்கம். எங்களுடையது உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வீட்டு டிரெய்லர், இரட்டை ஆக்சில் வண்டி. ஒவ்வொரு பக்கமும் முன்னும் பின்னுமாக இரண்டு சக்கரங்கள். இரண்டு டயர்களுக்கும் நடுவே என் உள்ளங்கை தாராளமாக நுழையும். அன்று இடப்பக்கம் ஒரு விரல்கூட நுழையவில்லை. முன் சக்கரம் பின்னுக்கு நகர்ந்து, பின் டயரை உரசத் தொடங்கியிருந்தது. சக்கர வளைவின் உட்புறத்தில் ரப்பர் தூள் கரிபோல் படிந்திருந்தது. ஓட்டும்போது சத்தம் எதுவும் கேட்கவில்லை, ஸ்டியரிங்கில் உதறலும் இல்லை. இழுத்துச் செல்லும் வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் நடப்பது பெரும்பாலும் தெரியாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

ஸ்பிரிங் உடைந்தால் புதிதாக ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஸ்பிரிங் தானாக உடைவது குறைவு. தளர்ந்த யூ போல்ட் (ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிணைக்கும் வளைந்த போல்ட்), தேய்ந்த புஷ் (ஸ்பிரிங் முனையின் துளைக்குள், போல்ட்டைச் சுற்றி இருக்கும் உறை), அளவு மீறிய சுமை என ஏதோ ஒன்று அதை உடைத்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் மாட்டினால், புதிய ஸ்பிரிங்கும் அதே வழியில் போகும். ஆகவே இந்த வழிகாட்டியில் கழற்றி மாட்டும் வேலைக்குக் கொடுத்த அளவு இடத்தை, உடைத்தது எது என்று பார்ப்பதற்கும் கொடுத்திருக்கிறேன்.

முதலில், அடியில் என்ன இருக்கிறது

இரட்டை ஆக்சில் டிரெய்லரின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். சேஸ் சட்டத்தில் மூன்று ஹேங்கர்கள், அதாவது ஸ்பிரிங்கைப் பிடிக்கும் இரும்புத் தாங்கிகள், பற்றவைக்கப்பட்டிருக்கும். ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும் போல்ட் நுழையும் வளையத்தைக் கண் என்பார்கள். முன் ஸ்பிரிங்கின் முன் கண் முதல் ஹேங்கரிலும், பின் ஸ்பிரிங்கின் பின் கண் மூன்றாவது ஹேங்கரிலும் போல்ட்டால் நேராகப் பிணைக்கப்பட்டிருக்கும். நடு ஹேங்கரில் ஈக்வலைசர் என்ற இரும்புத் துண்டு தராசுத் தண்டுபோல் ஆடிக்கொண்டிருக்கும். அதன் இரு முனைகளிலும் ஷாக்கிள் எனப்படும் இணைப்புத் தகடுகள் வழியாக ஸ்பிரிங்குகளின் மற்ற இரு கண்கள் தொங்கும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால், சுமையை மற்றதோடு பங்கிட்டுக்கொள்வது ஈக்வலைசரின் வேலை.

ஸ்பிரிங் என்பது பல பட்டைகளின் அடுக்கு. இரு முனையிலும் கண்ணாக மடிக்கப்பட்டிருப்பது மெயின் பட்டை. மற்றவை அதற்குத் துணை. எல்லாவற்றையும் துளைத்துச் செல்வது சென்டர் போல்ட். அதன் தலை ஆக்சிலின் இருக்கையில் உள்ள குழியில் உட்கார்ந்து ஆக்சிலை இடம் பெயராமல் நிறுத்துகிறது. அடுக்கையும் ஆக்சிலையும் சேர்த்து நெரித்துப் பிடிப்பவை யூ போல்ட்டுகள்.

இந்த அமைப்பில் மறக்கக் கூடாத ஒன்று: பட்டை ஸ்பிரிங் சுமையைத் தாங்குவதோடு நிற்பதில்லை, ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து வைப்பதும் அதுதான். மெயின் பட்டை போனால் வண்டி ஒரு பக்கம் சாய்வது மட்டுமல்ல, சக்கரமே பின்னோக்கிப் போய்விடும்.

உங்கள் வண்டியில் பட்டைகளே இல்லாமல், சதுரக் குழாய்க்குள் ரப்பர் வைத்த டார்ஷன் ஆக்சில் இருந்தால் இங்கே சொல்லும் எதுவும் பொருந்தாது. அதில் கோளாறு என்றால் பெரும்பாலும் ஆக்சிலையே மாற்ற வேண்டியிருக்கும்.

சாலையோரத்தில்

உடைந்தது தெரிந்தவுடன் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். உரசும் டயர் வெடிப்பதற்கு அதிக நேரம் எடுக்காது. வெடிக்கும் டயர் சக்கர வளைவையும் தரையையும் குழாய்களையும் கிழித்துக்கொண்டு போகும்.

சமதளமான, கெட்டியான இடம் கிடைக்கும் வரை மட்டும் ஊர்ந்து செல்லுங்கள். இழுக்கும் வண்டியிலிருந்து டிரெய்லரைக் கழற்றாதீர்கள். அதுதான் உங்கள் நங்கூரம். உடைந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள். உடைந்தது போக்குவரத்துப் பக்கமாக இருந்து, ஒதுங்க இடமும் இல்லையென்றால் ஸ்பேனரை எடுக்கவே வேண்டாம். தட்டையான மேடையில் ஏற்றிச் செல்லும் மீட்பு வண்டியை அழையுங்கள். ஸ்பிரிங் உடைந்த டிரெய்லரை அதன் சக்கரங்களிலேயே உருட்டி இழுத்துச் செல்ல வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மீட்பு வண்டி வர வழியில்லை, சில கிலோமீட்டரில் பாதுகாப்பான இடம் இருக்கிறது என்றால் தற்காலிக ஏற்பாடு ஒன்று உண்டு. தண்ணீர்த் தொட்டிகளைக் காலி செய்யுங்கள். 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. சேஸ் சட்டத்தின் அடியில் ஜாக்கியை வைத்து, வண்டி நேராக நிற்கும் உயரத்துக்குத் தூக்குங்கள். ஆக்சில் குழாய்க்கும் சட்டத்துக்கும் நடுவே, ஸ்பிரிங்கை ஒட்டிய உட்புறத்தில், கடின மரக்கட்டை ஒன்றை இறுக்கமாகப் பொருத்துங்கள். அது நழுவாதபடி ஆக்சிலோடும் சட்டத்தோடும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு ஒரு சங்கிலியை ஆக்சிலில் சுற்றி, முன் ஹேங்கரை நோக்கி முன்னுக்கு இழுத்துப் பூட்டுங்கள். சக்கரம் பின்னோக்கி நகராமல் தடுப்பது இந்தச் சங்கிலிதான். மரக்கட்டை உயரத்தை மட்டுமே பார்த்துக்கொள்ளும். நைலான் பட்டை வார் இந்த இடத்துக்குச் சரிவராது, கூர்மையான இரும்பு விளிம்பு அதை அறுத்துவிடும். ஆக்சில்மேல் ஓடும் பிரேக் ஒயர் சங்கிலிக்கடியில் சிக்காமல் பாருங்கள்.

இப்படிக் கட்டிய வண்டியை மிதிவண்டி வேகத்தில்தான் ஓட்ட வேண்டும். இடையிடையே நிறுத்தி இறங்கிப் பார்க்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. உடைந்த பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஆக்சிலைச் சங்கிலியால் தூக்கிக் கட்டி, மற்ற ஆக்சிலில் ஓட்டுகிறவர்களும் உண்டு. அப்போது இரண்டு சக்கரங்களின் சுமை ஒரே டயரில் விழுகிறது. சாலையை விட்டு நகர்வதற்கு வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதைச் செய்வேன்.

எது உடைத்தது என்று பாருங்கள்

பழைய ஸ்பிரிங்கைக் கழற்றியதும் குப்பையில் போடாதீர்கள். உடைந்த முகத்தைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். என் ஸ்பிரிங்கின் உடைந்த முகத்தில் பாதிக்கு மேல் கரும்பழுப்புத் துரு. மீதி வெள்ளிபோல் பளபளத்தது, சர்க்கரைக் கட்டியை உடைத்தாற்போல் மணிமணியாக இருந்தது. துருப்பிடித்த பகுதி பல மாதங்களுக்கு முன்பே விரிசல் விட்டது. பளபளப்பான பகுதி மட்டும்தான் அன்றைய தினம் உடைந்தது. மீதமிருந்த அந்தச் சிறு துண்டை நம்பித்தான் அத்தனை தூரம் குடும்பத்தோடு பயணம் செய்திருக்கிறேன்.

எந்த இடத்தில் உடைந்தது என்பது அடுத்த தடயம். சென்டர் போல்ட் துளையின் குறுக்கே உடைந்திருந்தால் முதலில் யூ போல்ட்டுகளைச் சந்தேகியுங்கள். அவை இறுக்கமாக இருக்கும் வரை, துளை இருக்கும் நடுப்பகுதி வளைவதே இல்லை. தளர்ந்துவிட்டால் ஒவ்வொரு குலுங்கலிலும் துளையின் ஓரம் வளைந்து நிமிரும். என் வண்டியில் நடந்தது இதுதான். நான்கு நட்டுகளில் இரண்டைக் கையால் அசைக்க முடிந்தது.

கண்ணுக்கு அருகில் உடைந்திருந்தால் புஷ்ஷைப் பாருங்கள். பல டிரெய்லர்கள் ஆலையிலிருந்து வரும்போது நைலான் புஷ்ஷோடுதான் வருகின்றன. அவை தேய்ந்து காகிதம்போல் ஆகிவிடும். அதன்பின் போல்ட் நேரடியாகக் கண்ணின் இரும்பை அராவும். வட்டமாக இருக்க வேண்டிய துளைகள் முட்டை வடிவம் பெற்றிருந்தால், ஷாக்கிள் தகட்டிலும் ஹேங்கரிலும் அதே கதை நடந்திருக்கும், அவற்றையும் பாருங்கள்.

பட்டையின் நடுவழியில் உடைந்து, மற்ற ஸ்பிரிங்குகளும் வளைவை இழந்து தட்டையாகத் தெரிந்தால் காரணம் சுமை. எடைமேடையில் ஏற்றுவதைத் தவிர இதற்கு வேறு பதில் இல்லை. பயணத்துக்குப் புறப்படும் நிலையில், தண்ணீரும் சாமான்களும் ஏற்றிய பிறகு எடை பாருங்கள். ஒவ்வொரு ஆக்சிலையும் தனித்தனியாகவும், முடிந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகவும் பாருங்கள். மொத்த எடை வரம்புக்குள் இருந்தும், சமையலறையும் வெளியே நீளும் அறையும் ஒரே பக்கத்தில் அமைந்ததால் அந்தப் பக்க ஸ்பிரிங் மட்டும் தொடர்ந்து திணறும் வண்டிகள் உண்டு. இணைப்புக் கொக்கியில் இறங்கும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

வேறு இரண்டு காரணங்களும் கண்ணில் படலாம்: பட்டையில் ஆழமான துருக்குழி, அல்லது யாரோ அருகில் வெல்டிங் செய்தபோது தெறித்த தீப்பொறியின் தழும்பு. ஸ்பிரிங் எஃகு பதமேற்றப்பட்டது. சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். உடைந்த பட்டையைப் பற்றவைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

எதை வாங்குவது

ஒன்று உடைந்தால் நான்கையும் மாற்றுவதே என் கட்சி. மற்ற மூன்றும் அதே தூரம் ஓடியவை, அதே குழிகளில் விழுந்து எழுந்தவை. கையில் இருப்பது போதாதென்றால், குறைந்தது ஒரே ஆக்சிலின் இரண்டு பக்கங்களையும் மாற்றுங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் களைத்தது என்றால் வண்டி நேராக நிற்காது.

அளக்க வேண்டியவை இவை: கண்ணின் மையத்திலிருந்து மறு கண்ணின் மையம் வரை நேர்கோட்டு நீளம், பட்டையின் அகலம், பட்டைகளின் எண்ணிக்கை, கண்ணின் உள்விட்டம், சென்டர் போல்ட்டிலிருந்து இரு கண்களுக்கும் உள்ள தூரம். கடைசி அளவைப் பலர் விட்டுவிடுகிறார்கள். போல்ட் எல்லா ஸ்பிரிங்கிலும் நட்டநடுவில் இருப்பதில்லை. உடைந்த ஸ்பிரிங்கை அளக்காமல், உடையாத ஒன்றை அளப்பது நல்லது. இரண்டு கண் கொண்ட ஸ்பிரிங்குகளில் 1¾ அங்குல அகலமும் 25¼ அங்குல நீளமும் பரவலாகக் காணப்படுபவை. அதற்காக அளக்காமல் வாங்கிவிடாதீர்கள். கால் அங்குலம், அரை அங்குலம் வித்தியாசத்தில் மற்ற அளவுகளும் புழக்கத்தில் உள்ளன. தவறான நீளம் ஈக்வலைசரை ஒருபுறம் சாய்த்துவிடும்.

தாங்குதிறன் ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் தனியாகக் குறிக்கப்படும். 3,500 பவுண்டு (சுமார் 1,590 கிலோ) ஆக்சிலுக்கு 1,750 பவுண்டு ஸ்பிரிங் இரண்டு. ஒரு படி மேலே போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எடை வரம்பின் விளிம்பில் நிற்கும் வண்டிக்கு ஒரு படி கூட்டுவதில் தவறில்லை என்று நினைக்கிறேன். ஆனால் அதனால் ஆக்சில், டயர், பிரேக், சட்டம் ஆகியவற்றின் தாங்குதிறன் ஓர் அணாவும் உயர்வதில்லை. அளவுக்கு மிஞ்சிய விறைப்பு வந்தால், ஸ்பிரிங் உள்வாங்க வேண்டிய அடியை ஹேங்கரின் வெல்டிங்கும் வண்டிக்குள் இருக்கும் அலமாரிகளும் வாங்கிக்கொள்ளும்.

ஸ்பிரிங்கோடு சேர்த்து யூ போல்ட்டுகள், நட்டுகள், ஷாக்கிள் தகடுகள், போல்ட்டுகள், புஷ் எல்லாவற்றையும் புதிதாக வாங்குங்கள். ஒருமுறை இறுக்கிய யூ போல்ட்டின் மரை நீண்டிருக்கும், மறுபடி அதே பிடிப்பைத் தராது. புஷ் விஷயத்தில் நைலானை விட்டுவிட்டு வெண்கலத்துக்கும், கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சிறு முனை) உள்ள போல்ட்டுக்கும் மாறுங்கள். இந்த முழு வேலையிலும் செலவுக்குத் தகுந்த பலன் தருவது இதுதான்.

கழற்றி மாட்டுதல்

வேலை தொடங்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தகடு எந்தப் பக்கம் பார்த்தது என்ற சந்தேகம் மாலையில் கட்டாயம் வரும்.

1. கெட்டியான தரையில் நிறுத்தி, டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு பிணைத்தபடியே, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள்.

2. சேஸ் சட்டத்தின் அடியில், ஹேங்கர்களை ஒட்டி, ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். ஆக்சில் குழாயின் அடியில் வைத்து வண்டியைத் தூக்கக் கூடாது. அந்தக் குழாய் ஒரு குறிப்பிட்ட வளைவோடு செய்யப்பட்டது. அது கெட்டால் டயர்கள் ஓரம் தேயும். சட்டத்தின் கீழே ஜாக் ஸ்டாண்டுகளை நிறுத்தி எடையை அவற்றின்மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். அசைத்துப் பாருங்கள். நம்பிக்கை வரவில்லையென்றால் இறக்கிவிட்டு மறுபடி தூக்குங்கள்.

3. சக்கரங்களைக் கழற்றுங்கள். சிறிய ஜாக்கி ஒன்றை ஆக்சிலின் அடியில் வைத்து, அதன் சொந்த எடையை மட்டும் தாங்கும் அளவுக்கு உயர்த்துங்கள். இது ஆக்சிலைப் பிடித்துக்கொள்வதற்கு, வண்டியைத் தூக்குவதற்கு அல்ல.

4. யூ போல்ட் நட்டுகளுக்குத் துருநீக்கி எண்ணெய் அடித்துக் காத்திருங்கள். அசையாவிட்டால் கிரைண்டரால் அறுத்துவிடலாம், எப்படியும் அவற்றை மீண்டும் பயன்படுத்தப் போவதில்லை. அறுக்கும்போது பிரேக் ஒயரை ஈரத்துணியால் மூடி ஒதுக்கி வையுங்கள்.

5. ஷாக்கிள், ஹேங்கர் போல்ட்டுகளின் தலைக்கு அடியில் பல் பல்லாக வெட்டிய கழுத்து இருக்கும்; அது தகட்டில் இறுகிப் பதிந்திருக்கும். ஆகவே தலையில் ஸ்பேனர் போட்டுத் திருகாதீர்கள். நட்டைக் கழற்றிவிட்டு, மறுமுனையில் சுத்தியலால் தட்டி நேராக வெளியே எடுங்கள். திருகினால் தகட்டின் துளை வழுவழுப்பாகிவிடும்; புதிய போல்ட்டும் அதில் சுழன்றுகொண்டே இருக்கும்.

6. ஒரு நேரத்தில் ஒரு ஸ்பிரிங் மட்டும். இரண்டு பக்கமும் ஒன்றாகக் கழற்றினால் ஆக்சில் உருண்டு பிரேக் ஒயரை அறுத்துவிடும்.

கழற்றிய பிறகு ஹேங்கர்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, வெல்டிங் ஓரங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, சட்டங்களில் வெல்டிங் செய்து பழகியவரிடம் காட்டுங்கள். ஈக்வலைசரின் நடுத்துளையும் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

மாட்டும்போது புதிய புஷ்ஷைக் கண்ணுக்குள் வைஸால் (பட்டறை மேசையின் திருகுப்பிடியால்) அழுத்தி ஏற்றுங்கள். சுத்தியலால் அடித்தால் வெண்கலம் விளிம்பில் பிதுங்கி, போல்ட் நுழையாது. முதலில் ஹேங்கரில் நிலையாக நிற்கும் கண்ணையும், அடுத்து ஷாக்கிளில் தொங்கும் கண்ணையும் மாட்டுங்கள். கிரீஸ் போல்ட்டில் உள்ள துளை, சுமை அழுத்தும் திசையைப் பார்க்கக் கூடாது. கடிகாரத்தின் 3 அல்லது 9 மணித் திசையைப் பார்த்திருக்க வேண்டும். அழுத்தம் விழும் பக்கம் துளை இருந்தால் கிரீஸ் வெளியே வராது.

பிறகு ஆக்சிலைச் சிறிய ஜாக்கியால் மெல்ல நகர்த்தி, சென்டர் போல்ட்டின் தலை இருக்கைக் குழியில் விழுமாறு பொருத்துங்கள். ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலே இருக்கும் வண்டியில் போல்ட்டின் தலை கீழ்நோக்கி இருக்கும். ஸ்பிரிங் கீழே இருக்கும் வண்டியில் மேல்நோக்கி. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். தலை குழியின் ஓரத்தில் ஏறி நிற்கும்போதே யூ போல்ட்டை இறுக்கிவிட்டால், வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும். முதல் பெரிய குழியில் அது வழுக்கி விழும்போது, இறுக்கிய பிடிப்பு அத்தனையும் போய்விடும்.

யூ போல்ட்டின் நான்கு நட்டுகளையும் குறுக்கும் மறுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். நான்கு மூலையிலும் மரை ஒரே அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ½ அங்குல யூ போல்ட்டுக்கு 45 முதல் 70 அடி-பவுண்டு (சுமார் 61 முதல் 95 நியூட்டன் மீட்டர்), ஷாக்கிள் போல்ட்டுக்கு 30 முதல் 50 அடி-பவுண்டு (சுமார் 41 முதல் 68) என்பது பொதுவான அளவு. உங்கள் ஆக்சிலின் கையேடு வேறு எண்ணைச் சொன்னால் அதுதான் இறுதி. இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கையளவில் இறுக்குவதாக இருந்தால் இந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டாம்.

வண்டியின் எடை ஸ்பிரிங்கில் இறங்காமல், சட்டம் ஸ்டாண்டில் நிற்கும் இந்த நேரத்திலேயே கிரீஸ் அடித்துவிடுங்கள். அப்போதுதான் அது புஷ்ஷைச் சுற்றிலும் பரவும்.

அளந்து, ஓட்டி, மறுபடி இறுக்கி

சக்கரங்களை மாட்டி, வீல் நட்டுகளை நட்சத்திர வரிசையில் மூன்று கட்டமாக இறுக்குங்கள். ½ அங்குல ஸ்டட் (வீல் நட்டு ஏறும் மரைக்கம்பி) என்றால் கடைசிக் கட்டம் 90 முதல் 120 அடி-பவுண்டு (சுமார் 122 முதல் 163 நியூட்டன் மீட்டர்). வண்டியைத் தரையில் இறக்கி, சிறிது முன்னும் பின்னும் உருட்டியபின் அளவெடுங்கள். இணைப்புக் கொக்கியின் மையத்திலிருந்து முன் ஆக்சிலின் இடமுனைக்கும் வலமுனைக்கும் உள்ள தூரம் 3 மி.மீ.க்கு மேல் வேறுபடக் கூடாது. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே உள்ள தூரம் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக, 1.5 மி.மீ. வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். ஈக்வலைசர் ஏறக்குறைய கிடைமட்டமாக நிற்க வேண்டும். பிரேக்கைப் போட்டுப் பார்த்து, ஒயர் எங்கும் விறைத்து நிற்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதிய பட்டைகளும் போல்ட்டுகளும் ஓடும்போது படிந்து கொஞ்சம் தளரும். வீல் நட்டுகளை முதல் 16, 40, 80 கிலோமீட்டரில் மறுபடி இறுக்குங்கள். 80 கிலோமீட்டரில் யூ போல்ட்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒவ்வொரு நட்டிலிருந்தும் தகட்டுக்கு ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். நட்டு அசைந்தால் கோடு முறிந்து தெரியும்; படுத்துப் பார்க்க வேண்டியதில்லை, குனிந்தால் போதும்.

உதிரியாக ஒரு ஸ்பிரிங், ஒரு ஜோடி யூ போல்ட், இரண்டு ஷாக்கிள் போல்ட், ஒரு மரக்கட்டை, சங்கிலி ஆகியவை இப்போது எங்கள் டிரெய்லரின் வெளிப்பெட்டியில் இருக்கின்றன. பெட்டிக் கதவின் உட்புறத்தில், இரண்டு டயர்களுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்: இடது 118 மி.மீ., வலது 117. எரிபொருள் நிரப்பும் இடங்களில் கையை நுழைத்துப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டேன். இப்போது கையில் அளவுகோல்.